அடையாள அட்டையில் இல்லாத நெற்றி

முதலில் நான் கண்டது வாளித் தண்ணீரில். தலையணை உறைகளை ஊறவைத்திருந்தேன். சவர்க்காரம் போடக் குனிந்தபோது மேலே மயிர் மிதந்தது. ஒன்றிரண்டு அல்ல, வழித்தெடுத்தால் ஒரு சின்ன முடிச்சுப் போடலாம். கறுத்த மயிர். என் தலையில் கறுப்பு இருந்து பத்து வருடம் ஆகிறது. என் மகளுடையது இடுப்பு வரை நீளம். மிச்சமிருந்த தலை ஒன்றுதான்: மகளின் மகன், என் பேரன் வாகீசன். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது.

இது எண்பத்தெட்டாம் ஆண்டின் தொடக்கத்தில், இணுவிலில் நடந்தது. இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாளி இருக்கலாம். ஒரு பிள்ளை சீப்பைத் துடைத்துத் துடைத்து வைக்கலாம். அப்படியானால் இது உங்களுக்கு. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வீடு விடக்கூடிய பிழைகள் எல்லாவற்றையும் விட்டு முடித்திருக்கிறேன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

கேட்டதற்கு வெயில்தான் காரணம் என்றான். தை மாதத்து வெயில். நான் நம்பியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, அவன் வெளியே போனதும் மேசை லாச்சியைத் திறந்தேன். பழைய பேப்பர்த் துண்டுகளில் மயிரைச் சுற்றி, ஒவ்வொரு பொட்டலத்திலும் திகதி எழுதி வைத்திருந்தான். ஆறு மாதத்துப் பொட்டலங்கள். ஆறு மாதமாக அவன் முன்மயிரை நெற்றியில் இறக்கி வாரிக்கொண்டு திரிந்தான். நாங்கள் அதை ஸ்ரைல் என்று கேலி செய்துகொண்டிருந்தோம். அந்தக் கேலியில் பாதிக்கு மேல் என்னுடையது.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒருவருடைய கவலையை இன்னொருவருடைய கவலையோடு தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. ஷெல் விழுந்து காலை இழந்தவர் இருக்கிறார், பிள்ளையைக் காணாமல் தேடுகிறவர் இருக்கிறார், உனக்கு மயிர் போவது ஒரு கவலையா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் தலை நிறைய மயிர் இருந்ததை நான் கவனித்தேன். எனக்கு அன்றும் ஆத்திரம், இன்றும் ஆத்திரம். பெரிய துக்கம் பக்கத்தில் இருப்பதால் சின்னத் துக்கம் கொஞ்சமும் சுருங்குவதில்லை. அதற்குப் பேச வாய் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

வாகீசனுடைய மாமி, அதாவது தகப்பனின் தங்கை, ஒரு நாள் வந்து தலையைத் தடவிப் பார்த்தா. தங்கள் பக்கத்தில் எண்பது வயதிலும் சீப்பு உடையும் என்றா. பிறகு சுவரில் தொங்கிய என் கணவரின் படத்தைப் பார்த்தா. என் கணவருக்கு முப்பது வயதில் தலை வெளித்து வழுக்கையாகிவிட்டது. "உது உங்கடை பக்கத்துச் சொத்து, மாமி" என்று எனக்குச் சொன்னா.

"ஓமடி மோனை. வீடும் வளவும் உன்ரை தமையனுக்குச் சீதனமாத் தந்தது. இது மிச்சம் கிடந்தது, பேரனுக்குக் குடுத்தாச்சு" என்றேன்.

சிரித்தோம். ஆனால் அன்று முதல் அந்தத் தலைக்கு நான் பொறுப்பாளி ஆனேன். குற்றவாளி என்று எழுதினாலும் பிழையில்லை.

முதல் வைத்தியம் என்னுடையது. கையாந்தகரைச் சாறும் செவ்வரத்தம் இலையும் தேங்காயெண்ணெயில் காய்ச்சி வைத்தேன். இரண்டு வாரத்தில் தலையணை பச்சையானது; தலையில் மாற்றம் இல்லை. அடுத்தது சின்ன வெங்காயம். எங்கள் மண்ணில் அதற்குக் குறைவில்லை. அரைத்துத் தேய்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் வடிந்தது, எனக்கும் வடிந்தது, வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் இடம் மாறி இருந்தான். மயிர் மட்டும் தன் பாட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

வகுப்பு என்றது பட்டணத்தில். வீட்டுப் படம், பாலத்துப் படம் வரையப் படிக்கிற படவரைஞர் பயிற்சி. இரண்டாவது வருடம், கடைசி வருடம். மார்கழியில் சோதனை. அந்தச் சான்றிதழை நம்பித்தான் என் மகள் மூன்று ஆட்டையும் ஒரு தையல் மெசினையும் வைத்துக்கொண்டு வீட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். மருமகன் கொழும்பில், கடிதம் வருவதே பெரிய காரியம்.

வகுப்புக்குச் சைக்கிளில் போகிற வழியில், சந்தியில் ஒரு சென்றி இருந்தது. சென்றி என்றால் வேறு நாட்டிலிருந்து வந்த ராணுவத்தார் துவக்கோடு நிற்கிற காவல் சாவடி. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். மாசி மாதத்தில் ஒரு காலை அங்கே நின்றவன் அட்டையை வாங்கி, திருப்பித் தரவில்லை.

அட்டையில் இருந்தது பதினாறு வயதுப் படம். புருவம் வரை அடர்ந்து இறங்கிய மயிர். நெற்றி என்ற ஒன்றே இல்லை. அன்று காற்றில் முன்மயிர் பறந்து, இரண்டு பக்கமும் ஏறிய வெறும் நெற்றியோடு இவன் நின்றிருக்கிறான். சோதித்தவன் படத்தைப் பார்த்தான், தலையைப் பார்த்தான், மிச்ச மயிரைக் கையால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். அவன் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவனுக்குத் தெரியாது. இது நீ இல்லை என்று சொல்வதற்குப் பாஷை எதற்கு? விரலை ஆட்டினால் போதும்.

எட்டு மணிக்கு வெயிலில் இருத்தினார்கள். வகுப்பு வாத்தியார் கேள்விப்பட்டு வந்து பொறுப்பு நின்று கூட்டிப்போனபோது மூன்று மணி. வீட்டுக்கு வந்தவன் சைக்கிளைச் சுவரில் சாத்தினான். பிறகு அதை எடுக்கவில்லை.

நாலு நாள் கழித்துத்தான் மகளுக்குச் சொன்னான், பக்கத்தில் இருந்த என்னைப் பார்க்காமல்: "அண்டைக்கு வாத்தியார் வந்தவர். நாளைக்கு வராட்டில்?"

தொப்பி போட்டுப் போகலாம் என்று மகள் சொன்னாள். தொப்பியைக் கழற்றச் சொல்வார்கள், மறைத்துக்கொண்டு வந்தாய் என்று இன்னும் கொஞ்சம் வெயில் தருவார்கள் என்றான். உண்மைதான். ஆவணிக்குள் வகுப்புக்குத் திரும்பாவிட்டால் சோதனைக்குப் பெயர் போகாது என்று வாத்தியார் ஆள் விட்டுச் சொன்னார். மயிர் திரும்பவேண்டும், ஆவணிக்கு முன் திரும்பவேண்டும். எங்கள் கணக்கு அப்படித்தான் இருந்தது.

அவசரம் வந்தால் புத்தி வெளியே போய்விடும். எங்களுடையது ஒரு நாட்டு வைத்தியரின் வீட்டு வாசலில் போய் நின்றது. வேறு ஊர்க்காரர், ஊரைச் சொல்லவில்லை. அவர் தலையைப் பார்க்கவில்லை. பிறந்த நட்சத்திரத்தைக் கேட்டார். தார்போன்ற ஒரு பூச்சைத் தந்து, மூன்று நாள் தலை நனையக்கூடாது, நாற்பதாம் நாள் சீப்பு ஓடாது என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். சொன்னால் பலிக்காது என்றார்.

இரண்டாம் நாள் உச்சியில் கொப்புளம் போட்டது. மூன்றாம் நாள் நீர் வடிந்து காது வரை வந்தது. ஓடிப்போய்ச் சொன்னதற்கு, உள்சூடு வெளிக்கிடுகிறது, மருந்து வேலை செய்கிறது என்றார். அவருடைய தலையில் மயிர் அடர்த்தியாக இருந்தது. பூச்சை அவர் எந்தக் காலத்திலும் பூசிப் பார்த்திருக்கமாட்டார். வாயில் வந்ததை எல்லாம் அன்று சொல்லிவிட்டு வந்தேன். இங்கே எழுதினால் அச்சில் வராது.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பூச்சில் என்ன இருக்கிறது என்று சொல்லாதவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். தலை எரிந்தால் அது மருந்து பிடிப்பதன் அறிகுறி என்று ஒருவர் சொன்னால் உடனே எழும்புங்கள்.

சென்றி படாமல் உள் ஒழுங்கைகளால், சின்னச் சந்துகளால், போகக்கூடிய தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வாரத்தில் ஒரு நாள் தோல் டொக்டர் வருவா. இளம் வயதுப் பெண். புண்ணுக்கு மருந்து போட்டபிறகு, எல்லா மயிரையும் விலக்கி நெற்றியிலிருந்து பிடரி வரை பார்த்தா. இந்தத் தலையை முழுதாகப் பார்த்த முதல் ஆள் அவதான்.

இது நோய் இல்லை என்றா. ஆண்களுடைய உடம்பில் ஊறுகிற ஓமோன் (இரத்தத்தோடு ஓடி உறுப்புகளுக்கு வேலை சொல்லுகிற சாறு) சிலருடைய மயிர்க்காலைச் (மயிர் முளைக்கிற குழியைச்) சிறுக்கப் பண்ணும். குழி சிறுக்க மயிர் மெலியும், மெலிந்தது பிறகு பூனைமயிராகும், கடைசியில் அதுவும் நிற்கும். பரம்பரையில் வருவது, தாய்வழியாலும் வரும், தகப்பன்வழியாலும் வரும். வெயிலோ சவர்க்காரமோ கிணற்றுத் தண்ணீரோ காரணம் இல்லை. மாமி இதைக் கேட்க அங்கே இல்லாமல் போனது எனக்குப் பெரிய நட்டம்.

வழிகள் என்ன என்று கேட்டோம். விட்டுவிடலாம். ஒட்ட வெட்டலாம். வெளிநாட்டில் பிடரி மயிரைத் தோலோடு எடுத்து முன்னுக்கு நடுகிறார்கள், நாற்றுமேடையில் புகையிலைக் கன்று பிடுங்கித் தோட்டத்தில் நடுவதுபோல. இங்கே அதை நினைக்கவேண்டாம். இன்னொன்று மினொக்சிடில் என்ற தண்ணீர் மருந்து. முதலில் பிறஷருக்குக் (இரத்த அழுத்தத்துக்குக்) விழுங்குகிற குளிசையாகக் கொடுத்தது. குடித்தவர்களுக்குக் கண்ட இடத்தில் மயிர் முளைக்க, பிறகு தலைக்குப் பூசும் மருந்தாக்கினார்கள். உச்சியில் கொஞ்சம் கேட்கும், நெற்றி மூலைக்கு அவ்வளவு கேட்காது. பூசுகிறவரைக்கும்தான் பலன், நிறுத்தினால் முளைத்ததும் போகும்.

வாகீசன் ஒன்றைத்தான் கேட்டான். "பழையபடி எப்ப வரும், டொக்டர்?"

"பழையபடி வராது, தம்பி. இருக்கிறதைக் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கலாம்."

எங்களுக்கு அந்த டொக்டரில் கோபம் வந்தது. நாற்பது நாளில் சீப்பு ஓடாது என்றவனை நம்பினோம். உண்மையைச் சொன்ன அவவைத் திட்டிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தோம். அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அடிக்கவேண்டும்போல இருக்கிறது.

புண் ஆற ஒரு மாதம் எடுத்தது. உச்சியில் ஒரு சதக் காசு அளவு இடம் பளபளவென்று வடுவாகி நின்றது. அங்கே இனி எதுவும் முளைக்காது. இயற்கை எடுக்காத இடத்தையும் அந்தப் பூச்சு எடுத்துக்கொண்டது.

கனடாவில் இருக்கிற என் மகனுக்கு எழுதினோம். வைகாசியில் மூன்று போத்தல் மருந்து, வந்த ஒருவருடைய கையில் வந்து சேர்ந்தது. போத்தலோடு ஒரு தாள், முழுக்க இங்கிலிஷ். வாகீசன் வாசித்துவிட்டு, காலையும் மாலையும் காய்ந்த தலையில் துளித் துளியாக வைக்கவேண்டும், வைத்தபிறகு கையைக் கழுவவேண்டும் என்றான். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டதைச் செய்கிற வயதை நான் கடந்துவிட்டேன் என்பதுதான் பிரச்சினை.

மருந்து பச்சைத் தண்ணீர்போல இருந்தது. எண்ணெய் இல்லாமல் தலைக்குள் ஒன்று இறங்கும் என்று எனக்குச் சொன்னால் நான் எப்படி நம்புவேன்? எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. அவனுக்குச் சொல்லாமல் நல்லெண்ணெயில் கால் போத்தலை ஊற்றி, உச்சியில் வைத்து அரைமணி நேரம் தேய்த்தேன். மற்ற நாட்களிலும் அவனை வைக்க விடமாட்டேன். என் உள்ளங்கையில் ஊற்றி நானே தேய்ப்பேன். தேய்த்த கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பேன், கன்னத்தைச் சொறிவேன்.

மூன்றாவது சனிக்கிழமை கிணற்றடியில் எழும்பியவன் அப்படியே துலாக்காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான். தலை சுற்று, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றான். நான் பசி என்று சொல்லி இரண்டு முட்டை கொடுத்தேன். அடுத்த சனியும் அப்படியே. நான் மூன்றாவது முட்டையைச் சேர்த்தேன்.

ஆடி மாதம் ஒருநாள் காலை மகள் என் முகத்தை நாடியில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அம்மா, உங்களுக்குத் தாடி."

கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தின் இரண்டு பக்கமும், காதிலிருந்து வாய்க்கரை வரை, நல்ல ஒழுங்கான வரிசை. அவன் உச்சியில் மூன்று மாதத்தில் வந்தது பார்க்க விளக்கு வேண்டிய பூனைமயிர். என் முகத்தில் வந்தது பகலில் தெரிந்தது. வாகீசன் குசினி வாசலில் நின்று பார்த்தான். மாசிக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினேன். பிறகு அவன் சிரிப்பு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "எண்ணெயிலை என்ன கலந்தனீங்கள், அம்மம்மா?" என்றான்.

டொக்டரிடம் இருவரும் நோயாளிகளாகப் போனோம். சிரிக்காமல் இருக்க அவ மிகவும் கஷ்டப்பட்டா. சிரித்து முடித்ததும் ஏசினா. துளிக் கணக்கில் பூசும் மருந்தை அரைமணி நேரம் தேய்த்தால், ஆறின புண் வழியாகவும் இரத்தத்துக்குள் போகும். அது பிறஷரை இறக்குகிற மருந்து. தலை சுற்றினது பசியால் இல்லை. கிணற்றுக்கட்டில் நின்று சுற்றியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், ஆச்சி என்று கேட்டா.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

போத்தல்களும் முடிந்திருந்தன. அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்லமுடியாத காலம். அவ பேனையை வைத்துவிட்டு வாகீசனைப் பார்த்தா.

"தம்பி, உமக்கு மயிர் என்னத்துக்கு வேணும்? சரியாச் சொல்லும்."

அவன் யோசித்தான். அழகுக்கு என்று சொல்வான், கலியாணத்துக்கு என்று சொல்வான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சென்றியாலை போய்வர" என்றான்.

"அதுக்கு மருந்து என்னட்டை இல்லை" என்றா.

ஒழுங்கையில் அவன் முன்னால் நடந்தான். கோயில் வீதி திரும்பும் இடத்தில் நின்று, "தலையை மாத்த ஏலாது. படத்தை மாத்துவம்" என்றான். ஆறு மாதமாக நான்கு வைத்தியம் பார்த்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதை நினைத்துப் பார்த்தேன். பிழை தலையில்தான் இருக்கிறது என்று அந்தச் சந்தியில் நின்றவன் விரலை ஆட்டிச் சொன்னான். நாங்கள் அதை ஒப்புக்கொண்டு, தலையைத் திருத்தப் புறப்பட்டோம்.

புது அட்டை கொழும்பில் அடித்து வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் விதானையார், அதாவது எங்கள் கிராம அலுவலர், ஒரு கடிதம் தரலாம்: புதுப் படத்தை ஒட்டி, படத்துக்கு மேலே முத்திரை குத்தி, இவர் இன்னார், எனக்குத் தெரிந்தவர் என்று. மொட்டை விழுந்ததை உறுதிப்படுத்திக் கடிதம் கேட்ட முதல் ஆள் நீதான் என்று சொல்லிச் சிரித்தார். தருகிறேன் என்றார்.

பக்கத்து ஊர் ஸ்ரூடியோவுக்கு நானும் போனேன். போகவேண்டிய தேவை இல்லை. அவன் கதிரையில் இருந்து நாடியை உயர்த்திப் படம் எடுத்தான். மயிரைப் பின்னுக்கு வாரி, நெற்றி முழுதாகத் தெரிய. எடுத்து முடித்து அவன் வெளியே போனான். நான் பின்தங்கினேன்.

எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர்கள் கலியாணப் பேச்சுக்குப் படம் எடுத்தால், படச்சுருளில் பென்சிலால் கீறி முகப்பரு அழிப்பார்கள், மெல்லிய மீசையை மொத்தமாக்குவார்கள். கேட்காமலே செய்வார்கள், செய்யாவிட்டால் படம் சரியில்லை என்று சனம் திருப்பிக் கொடுக்கும். நான் படம் எடுத்த பொடியனின் காதில் போட்டேன்: "தம்பி, நெத்தி மூலையிலை கொஞ்சம் மயிர் போட்டுவிடு. கனக்க வேண்டாம்."

ஏன் சொன்னேன்? நூறு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். அட்டை பல வருடம் இருக்கும், நாளைக்கு ஒரு பெண் வீட்டார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். அந்த நெற்றியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மாமியின் குரல் எனக்குக் கேட்டது. அதுதான் காரணம்.

படத்தை நானே வாங்கினேன். உறையை ஒட்டி, ஒருவருக்கும் காட்டாமல், மகளும் அவனும் நானுமாக விதானையார் வீட்டுக்குப் போனோம். அவர் உறையைக் கிழித்துப் படத்தை எடுத்தார். பொடியன் கைராசிக்காரன். மூலையில் மட்டும் இல்லை, முன்னுக்கும் நல்ல அடர்த்தியாகப் போட்டிருந்தான். விதானையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். வாகீசனைப் பார்த்தார். முத்திரையை எடுத்த இடத்தில் வைத்தார்.

"தம்பி, படத்திலை இருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வாரும். கையெழுத்து வைக்கிறன்."

வாகீசன் படத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"அம்மம்மா, உவன் ஆர்?"

நான் பகிடி ஒன்று விடப் பார்த்தேன்.

"சென்றியிலை நிண்டவன் இது நான் இல்லை எண்டான்" என்றான். குரலை உயர்த்தவில்லை. "அவனுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்களும் நான் இல்லை எண்டு சொல்லுறியள்."

விதானையார் எழுந்து உள்ளே போனார், தண்ணீர் குடிக்க. மகள் என்னைப் பார்க்கவில்லை.

இந்த வருத்தத்தில் எனக்கு யார் யாரிலோ கோபம் வந்தது என்று எழுதிக்கொண்டு வந்தேன். பூச்சுக்காரனில், மாமியில், சந்தியில் நின்றவனில். எல்லாம் நியாயமான கோபம். ஒன்றையும் திருப்பி எடுக்கமாட்டேன். ஆனால் அன்று அந்த வீட்டு விறாந்தையில் வந்தது என்னில். வெங்காயம் தேய்த்தது, எண்ணெயில் கலந்தது, பென்சில் போடச் சொன்னது, எல்லாவற்றையும் அன்பு என்று நினைத்துச் செய்தேன். அவனுக்கு அது ஒவ்வொன்றும் சொன்ன செய்தி ஒன்றுதான்: இப்படியே நீ போதாது. ஆறு மாதமாக அதை அவன் உச்சியில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் அவன் தனியாகப் போய் வேறு படம் எடுத்தான். உச்சி வெயில் நேரத்தில், ஸ்ரூடியோவின் வெளிச் சுவரோடு நின்று எடுக்கச் சொன்னானாம். நெற்றி பளபளத்தது. எந்த நாட்டுக்காரன் பார்த்தாலும் பாஷை தேவையில்லை. விதானையார் முத்திரையை இரண்டு முறை குத்தினார்.

ஆவணி முதல் கிழமை சைக்கிளை எடுத்தான். வரவேண்டாம் என்றான், நான் சந்திக்கு இப்பால் ஒரு மதிலோடு நின்றேன். அன்று நின்றவன் வேறு ஆள். கடிதத்தை வாங்கினான். படம், தலை, படம். திருப்பிக் கொடுத்தான். ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. வாகீசன் ஏறி மிதித்துப் போனான். காற்றில் பின்மயிர் பறந்தது. முன்னுக்குப் பறக்க ஒன்றும் இல்லை.

சோதனை எழுதினான், பாஸ் பண்ணினான். இன்று இருபத்துநாலு வயது. மருந்தால் முளைத்த பூனைமயிர் நிறுத்தின மூன்று மாதத்தில் போனது, டொக்டர் சொன்னபடியே. என் தாடியும் போனது. அதற்கு ஒருவரும் துக்கம் கொண்டாடவில்லை. அவன் இப்போது மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டுகிறான். சிலநேரம் கண்ணாடி முன் கூட நேரம் நிற்கிறான். நான் அந்தப் பக்கம் போவதில்லை. மருந்து வேண்டும் என்று இன்னொரு பிள்ளை நினைத்தால் அதுவும் சரிதான். தாளில் எழுதியபடி வைக்கட்டும், தானே வைக்கட்டும், நிறுத்தினால் போகும் என்று தெரிந்து வைக்கட்டும். எதற்காக வைக்கிறேன் என்று மட்டும் முதலில் தன்னைக் கேட்கட்டும்.

அவன் சந்தியைத் தாண்டிப் போன அன்று, நான் அலுமாரியைத் திறந்து என் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதிலே ஒரு பெண் இருந்தாள். கறுத்த மயிர், இறுக்கின கொண்டை, வாய் நிறையப் பல். இவளைக் காட்டிக்கொண்டு நான் எத்தனையோ சென்றிகளைத் தாண்டியிருக்கிறேன். என் தலை வெளுத்தது, பல் போனது, கன்னம் உள்ளே விழுந்தது. ஒருவனும் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்ததில்லை. கிழவி என்றால் மாறியிருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். எனக்குத் தாராளமாகக் கொடுத்த வருடங்களில் ஒன்றைக்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை. இருபத்தொரு வயதில் உடம்பு அசையாமல் நிற்கவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்; நாங்களும் அதையே எதிர்பார்த்தோம். உடம்பு யாரைக் கேட்டு நடக்கிறது?

அடுத்த கிழமை நானே ஸ்ரூடியோவுக்குப் போனேன். அதே பொடியன். என்னைக் கண்டதும் பென்சிலை எடுத்தான். எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னேன்.

"உங்களுக்கு ஏன் ஆச்சி புதுப் படம்? ஆர் உங்களைக் கேக்கப் போறாங்கள்?"

"ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள்" என்றேன். "அதுதான் தம்பி. எடு."